சதையிக்கு ஓய்வு, பிள்ளைக்குப் பட்டினி

பறித்த தேயிலைக் கொழுந்து தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இரவு முழுக்க வாடிக் கிடக்கும். பிறகு உருட்டும் இயந்திரத்துக்குள் போகும். இலை கசங்கக் கசங்க அதன் கலங்கள் உடைகின்றன. அதுவரை ஒரே கலத்துக்குள் வேறுவேறு அறைகளில் அடைபட்டிருந்த நொதியமும் பொலிபீனோலும் கலந்துவிடுகின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. வெளியிலிருந்து யாரும் எதையும் சேர்க்கவில்லை. இலையை மாற்றுகிற பொருள் இலைக்குள்ளேயே இருந்தது. தடுப்பு உடையும்வரை சும்மா இருந்தது.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் சதையியில் (தமிழகத்துப் பாடநூல்களில் கணையம்) திடீர் அழற்சி வரும்போது நடப்பதும் இதே வகையான விபத்துத்தான். சதையி செய்கிற வேலை பெரியது. வளர்ந்த ஒருவரின் சதையி நூறு கிராம் அளவுதான் இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் மேலே சமிபாட்டுச் சாறு சுரக்கும். புரதத்தை அறுக்கத் திரிப்சின், கொழுப்பைப் பிரிக்க லைப்பேஸ், மாப்பொருளை உடைக்க அமைலேஸ். இறைச்சியைக் கரைக்கக்கூடிய நொதியம் தன்னையே கரைத்துவிடாமல் இருக்கச் சதையி அதை உறங்கும் வடிவில் செய்து, உறைகளில் அடைத்து வைக்கிறது. முன்சிறுகுடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது விழிக்க வேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் குழாய் அடைபட்டோ கலம் காயப்பட்டோ திரிப்சின் சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் உறுப்பு தன்னைத்தானே சமிபாடு செய்யத் தொடங்குகிறது. 1889-ல் பொஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். 1896-ல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி இது தன்னையே தின்னும் அழற்சி என்று சொன்னார். கியாரியின் கருத்து இன்றுவரை நிற்கிறது.

பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் இலங்கையின் மலையகத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி குடியைப் பற்றியது. அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் விஷயத்தில் காரணம் உண்டு. பிள்ளைகளிடம் கதை வேறு. பித்தக்கல், வயிற்றில் பட்ட அடி (சைக்கிள் கைப்பிடி குத்துவது உலகெங்கும் பதிவான காரணம்), பிறவியிலேயே குழாய்கள் கோணலாக அமைந்திருப்பது, வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோவேட், இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ், கூகைக்கட்டு போன்ற வைரஸ் தொற்றுகள், பரம்பரையாக வரும் மரபணு மாற்றங்கள் என்று பட்டியல் நீளும். கூகைக்கட்டு இலங்கையில் 2011-ல் எம்.எம்.ஆர். தடுப்பூசி வந்த பிறகு பின்வாங்கிவிட்டது. பூச்சிகொல்லி நஞ்சும் சதையியைத் தாக்கும். ஒர்கனோபொஸ்பேட் வகை மருந்து உடலில் ஏறிய பிள்ளைகளுக்குச் சதையி அழற்சி வருவதை 1992-ல் இஸ்ரேலிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மருந்தடிக்கும் தோட்டத்தில், அந்தப் போத்தல் லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) வந்துவிடாமல் பார்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆனால் இந்த மலைகளைப் பற்றி எழுதும்போது ஒரு காரணத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். அது வட்டப்புழு.

வளர்ந்த வட்டப்புழு 15 முதல் 35 சென்ரிமீற்றர் நீளம் வரும். சிறுகுடலில் வாழும். சிறு துவாரத்தைக் கண்டால் நுழைந்து பார்க்கும் குணம் அதற்கு உண்டு. முன்சிறுகுடலின் சுவரில் பித்தக்குழாயும் சதையிக்குழாயும் வந்து திறக்கும் வாசல் ஒன்று இருக்கிறது. புழு அதற்குள் தலையை விட்டால் சாறு வெளியேற வழியில்லாமல் போகிறது. ஸ்ரீநகர் மருத்துவர் முகம்மது சுல்தான் குரூ காஷ்மீரில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். 1992-ல் அவரது குழு வெளியிட்ட கணக்கில், திடீர்ச் சதையி அழற்சியோடு வந்த 256 நோயாளிகளில் 59 பேருக்குக் காரணம் வட்டப்புழுதான். ஏறத்தாழ நான்கில் ஒன்று! குளிர்ந்த, ஈரம் காயாத மண், மலசலகூட வசதிக் குறைவு, கூட்டமாக வாழும் வீடுகள் என்று காஷ்மீரின் கிராமங்களுக்குப் பொருந்தியதெல்லாம் நம் லயங்களுக்கும் நெடுங்காலம் பொருந்தின. புழுவின் முட்டைக்கு இந்த மண் பிடிக்கும்.

இலங்கையின் பெருந்தோட்டப் பள்ளிகளில் 1994-ல் பூச்சி மருந்துத் திட்டம் தொடங்கியது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் குடற்புழுவோடு இருந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் மருந்து கொடுத்த பிறகு செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அப்போதும் நூற்றுக்குச் சுமார் 29 பிள்ளைகளிடம் புழு இருந்தது, அதிலும் வட்டப்புழுதான் கூட. முன்னேற்றம் பெரிது, மிச்சமும் பெரிது. வயிற்று வலி என்றால் பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பது லயத்தில் பழக்கம். சாதாரண நாளில் அதில் தவறில்லை. ஆனால் மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் கடும் வலி, நிற்காத வாந்தி, பிள்ளை முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பது என்று வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 1990-க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். புழு குழாய்க்குள் இருக்கும்போது அதை அங்கேயே கொன்றால் செத்த புழு வெளியே வராமல் தங்கிவிடவும் கூடும். உயிரோடிருக்கும் புழு பெரும்பாலும் தானாகவே குடலுக்குத் திரும்பி வரும். அதன் பிறகு மருந்து கொடுக்கலாம். எப்போது என்பதை ஸ்கேன் பார்க்கும் டொக்டர் முடிவு செய்வார்.

நோயை உறுதிப்படுத்த 2012-ல் பன்னாட்டுக் குழுவொன்று பிள்ளைகளுக்கென்று ஒரு அளவுகோல் வைத்தது. பொருந்தும் வயிற்று வலி, இரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைப்பேஸ் இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது, ஸ்கேனில் அடையாளம் தெரிவது. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். வசதியான நாடுகளின் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 4 முதல் 13 பேர் வரை இந்நோயோடு வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அழற்சி மிதமானது. ஒரு வாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஏறத்தாழ நூறாண்டுக்கு விடை ஒரே விடையாக இருந்தது: ஒன்றுமே கொடுக்காதே.

இதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருந்தது. 1902 ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டொன்றின் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் சதையி சுரந்தது. குடலின் சுவரிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே போய்ச் செய்தி சொல்லியிருக்கிறது. அதற்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹோர்மோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் பிறந்தது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு குடலுக்குள் இறங்கினால் சதையி சுரக்கும் என்பது அதோடு உறுதியானது. அப்படியானால் புண்பட்ட சதையிக்கு உணவு பகை. உணவை நிறுத்தினால் சுரப்பு நிற்கும், சுரப்பு நின்றால் புண் ஆறும். சங்கிலி இப்படி அழகாக ஓடியது. பிள்ளைகளை வார்டில் போட்டு, வாயைக் கட்டி, மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையில் ஊறுவதையும் உறிஞ்சி எடுத்து, கையில் சேலைன் ஏற்றினார்கள். வலி முழுதும் போய், அமைலேஸ் இறங்கிய பிறகு தண்ணீர். பிறகு கஞ்சித் தண்ணீர். பிறகு கொழுப்பில்லாத உணவு. ஐந்து நாள், ஏழு நாள், சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே.

நம் வீடுகளில் இதற்கு எதிர்ப்பு வந்திருக்க வழியில்லை. லங்கணம் பரம ஔஷதம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் வயிற்றைக் காயப்போடுகிறோம். கொத்தமல்லி அவித்த தண்ணியும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்துப் பிள்ளையைப் படுக்கவைக்கிறோம். ஆஸ்பத்திரியும் அதையே சொன்னபோது அம்மாவுக்கும் ஆறுதலாகவே இருந்திருக்கும்.

அந்தச் சங்கிலியில் சோதித்துப் பார்க்காத கண்ணி ஒன்று இருந்தது. உணவு ஆரோக்கியமான சதையியைத் தூண்டும் என்பது நிரூபணமானது. அழற்சியில் கிடக்கும் சதையியையும் அதே அளவு தூண்டுமா? அளந்து பார்த்தபோது, கடும் அழற்சியில் சதையியின் நொதியச் சுரப்பு ஏற்கெனவே மிகவும் தாழ்ந்திருப்பது தெரிந்தது. நாம் கட்டாய ஓய்வு கொடுக்கப் போன உறுப்பு ஏற்கெனவே வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உடலில் நிறைக்கு நிறை மிக அதிகமாகப் புரதம் கட்டும் உறுப்புகளில் ஒன்று சதையி. நொதியங்கள் எல்லாமே புரதம். உடைந்த கலத்தைத் திரும்பக் கட்டவும் புரதம் வேண்டும். பட்டினியால் ஓய்வு கிடைத்ததோ இல்லையோ, கட்டுமானப் பொருள் கிடைக்காமல் போனது நிச்சயம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ நிறையுள்ள ஐந்து வயதுப் பிள்ளை. உலகத்து அளவுகோலில் அந்த வயதுக்கு 18 கிலோ அளவில் இருக்க வேண்டும். தோட்டத்தில் 15 கிலோப் பிள்ளையைத் தேடிப்போக வேண்டியதில்லை. 1957-ல் ஹொலிடேயும் சேகரும் வகுத்த சூத்திரப்படி இந்தப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1250 மில்லிலீற்றர் திரவம் ஏற்ற வேண்டும். அதில் 5 வீதம் குளுக்கோஸ் இருந்தால் மொத்தம் 62 கிராம் சொச்சம், கிராமுக்கு 3.4 கிலோகலோரி வீதம் ஏறத்தாழ 210. பிள்ளைக்கு ஒரு நாளில் வேண்டியதோ 1200 அளவில். ஆறில் ஒரு பங்கு கிடைக்கிறது, அதிலும் புரதம் பூச்சியம். குளுக்கோஸ் கலக்காத சேலைன் என்றால் கலோரியும் பூச்சியம். தொங்கும் போத்தலைப் பார்த்து, பிள்ளைக்குச் சத்து ஏறுகிறது என்று நம்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஏறுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அது முதல் நாளில் உயிர் காக்கும்; அழற்சியில் இரத்தத்தின் நீர் திசுக்களுக்குள் கசிந்துவிடுவதால் திரவம் முதல் மருந்து. அது உணவுக்கு ஈடாகாது.

மீதி ஆறில் ஐந்து பங்கு எங்கிருந்து வருகிறது? பிள்ளையின் ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஒரு நாள் தாங்காது. பிறகு கொழுப்பு கரையும், தசை கரையும். நல்ல சதைப்பிடிப்புள்ள பிள்ளைக்கு ஒரு வாரப் பட்டினி வெறும் ஒரு வாரப் பட்டினிதான். வேறொரு பிள்ளைக்கு அப்படியில்லை. 2016-ல் எடுத்த இலங்கைக் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்கிறது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17, பெருந்தோட்டத்தில் 32. பத்தாண்டு முன்னே அது 40. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் கால்வைக்கும் முன்பே பின்தங்கியிருக்கிறது. ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட சாயமும் வயிற்றை நிரப்பும். புரதமும் இரும்பும் அதில் போதாது. அந்தப் பிள்ளைக்கு ‘வாயால் ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதும் பேனா, நகரத்துப் பிள்ளைக்கு எழுதும் அதே பேனாவாக இருக்க முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

குடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுகுடலின் உட்சுவர்க் கலங்கள் சில நாளுக்கொரு முறை முழுதாகப் புதுப்பிக்கப்படுபவை. அவை தமக்கு வேண்டியதில் பெரும் பங்கை இரத்தத்திலிருந்து எடுக்காமல், குடலுக்குள் ஓடும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவு நின்றால் சுவர் மெலிகிறது. கலங்களுக்கிடையிலான பூட்டு தளர்கிறது. குடலில் வாழும் பக்டீரியாக்கள் உள்ளே கசிய வழி பிறக்கிறது. கடும் சதையி அழற்சியில் நோயாளியைக் கொல்வது பல சமயம் முதல் வாரத்து வலியாக இருப்பதில்லை. செத்துப்போன சதையித் திசுவில் பிறகு பிடிக்கும் கிருமித் தொற்றுதான். குடலை வெறுமையாக வைத்திருப்பது அந்தத் தொற்றுக்கு வழி திறந்துவைப்பதாகும்.

முதலில் மருத்துவம் வேறு வழி தேடியது. குடலைத் தொடாமல் இரத்த நாளம் வழியாகவே புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் ஏற்றலாமே? ஏற்றினார்கள். விலை அதிகம், பெரிய நாளத்தில் போடும் குழாய் வழியே தொற்று அதிகம், குடல் மட்டும் பட்டினியில். இதையும் குழாய் மூலம் குடலுக்கே உணவு கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பெரியவர்களிடம் செய்த எட்டுச் சோதனைகளை, 348 நோயாளிகளை, 2010-ல் கொக்ரேன் ஆய்வு ஒன்றாகக் கோத்துப் பார்த்தது. குடல்வழி உணவு பெற்றவர்களில் இறப்பு பாதிதான். ஒரு மாத்திரை இந்த அளவு செய்திருந்தால் உலகமே அதன் பெயரைச் சொல்லியிருக்கும். இங்கே மருந்தின் பெயர் சாப்பாடு என்பதால் செய்தி மெதுவாகத்தான் நடந்தது.

அதிலும் ஒரு பயம் மிச்சமிருந்தது. குழாய் வழியே கொடுத்தாலும் சதையியின் வாசலைத் தாண்டி, சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் கொண்டுபோய்த்தான் விட வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்கு எண்டொஸ்கோபியோ எக்ஸ்ரே வசதியோ வேண்டும். மூக்கிலிருந்து இரைப்பைக்குச் சாதாரணக் குழாய் போதாதா? கிளாஸ்கோவில் 2005-லும், புதுடில்லியில் 2006-லும் சிறிய சோதனைகள் செய்தார்கள். டில்லியில் 31 நோயாளிகள். இரண்டு வழியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பலன் தந்தன. மலையகத்துக்கு இந்த முடிவு மிகப் பெரியது. சாதாரண மூக்குக் குழாயைத் தாதியர் எவரும் வார்டிலேயே போட்டுவிட முடியும். 2017 மேயில் திறந்த, 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் அதைச் செய்யலாம், நுவரெலியாவிலும் செய்யலாம். உணவு கொடுப்பதற்காக மட்டும் பிள்ளையை வளைவு வளைவாகப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு இறக்க வேண்டியதில்லை. அழற்சி கடுமையாகி மூச்சோ சிறுநீரோ தடுமாறினால் இறக்கத்தான் வேண்டும். அது வேறு காரணம்.

பிள்ளைகளிடம் சான்று பிந்தித்தான் வந்தது. சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையில் மைசம் அபு-எல்-ஹைஜாவும் குழுவினரும் 2015, 2016-ல் வெளியிட்ட ஆய்வுகளில், முதல் 48 மணி நேரத்துக்குள் சாப்பிடத் தொடங்கி, போதிய திரவமும் பெற்ற பிள்ளைகள் சீக்கிரம் வீடு போனார்கள். சாப்பாட்டிலுள்ள கொழுப்பின் அளவுக்கும் வலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2018-ல் வட அமெரிக்க, ஐரோப்பியச் சிறுவர் குடலியல் சங்கங்கள் சேர்ந்து நிலைப்பாட்டு அறிக்கை எழுதின: மிதமான அழற்சியில் சீக்கிரமே வழக்கமான உணவைத் தொடங்குங்கள். 2020-ல் இஸ்ரேலிய மருத்துவர் ஓரென் லெடரும் உடன் ஆய்வாளர்களும் 33 பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாடில்லாத உணவும் மறு பகுதியினருக்கு முதலில் பட்டினியும் வைத்தார்கள். வலியிலோ வார்டில் கிடந்த நாட்களிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பிறகு வந்து நிறை பார்த்தபோது, சாப்பிட்ட பிள்ளைகள் நிறை ஏறியிருந்தார்கள், பட்டினி கிடந்தவர்கள் இறங்கியிருந்தார்கள். சிறிய சோதனை, அதன்மேல் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் பட்டினியால் நன்மை எதுவும் தெரியவில்லை, இழப்பு தெரிந்தது. இழக்க ஏதுமில்லாத பிள்ளைகள் வாழும் இடத்தில் இதற்கு மேலான நியாயம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, தட்டில் என்ன வைப்பது?

முதல் நாள் திரவமும் வலிநிவாரணமும். மோர்பின் தேவையென்றால் அதையும் கொடுக்கத் தயங்கக் கூடாது; வலி அடங்காத பிள்ளை வாய் திறக்காது. வாந்தி தணிந்து, பிள்ளை பசிக்கிறது என்றால் கொடுக்கலாம். அமைலேஸ் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீரில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. குழைந்த சோறும் பருப்பும், அவித்த கிழங்கு, வாழைப்பழம், அவித்த முட்டை, தயிர், உறைப்புக் குறைத்துப் பிள்ளைக்குப் பிடித்த எதுவும். சின்னச் சின்ன அளவாய், அடிக்கடி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே. வலி கொஞ்சம் கூடினால் அடுத்த வேளையைச் சற்றுக் குறைக்கலாம். மறுபடி வாயைக் கட்டிவிட வேண்டாம். இரண்டு மூன்று நாளாகியும் பிள்ளையால் போதிய அளவு சாப்பிட முடியவில்லை என்றால் மூக்குக் குழாய். குடல் அடைத்திருந்தாலோ, வயிறு ஊதிக் குடல் அசையாமல் நின்றிருந்தாலோ, இரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ கதை மாறும். அப்போது பொறுக்க வேண்டும், பொறுக்கும் காலத்தை டொக்டர்தான் அளப்பார். இரத்தக் கொழுப்பு மிகையாய் இருந்து அதனாலேயே அழற்சி வந்த அரிதான பிள்ளைக்குத்தான் கொழுப்புக் கட்டுப்பாடு உண்மையில் தேவை.

கொழுப்பில்லாத கஞ்சித் தண்ணீர் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல மனத்தோடு செய்யும் பிழை இதுதான். 100 மில்லிலீற்றர் நீர்த்த கஞ்சியில் 8 கிராம் அரிசி இருந்தால் 28 கிலோகலோரி. 1200-ஐ எட்ட நாலு லீற்றருக்கு மேலே குடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையாலும் முடியாது. அதே கஞ்சியைக் கட்டியாக்கி, பருப்பு சேர்த்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ பட்டரோ விட்டால், எண்ணெயிலிருந்து மட்டும் 45 கிலோகலோரி கூடுகிறது. தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி நம் பாட்டிமாரின் கையிலேயே இருந்தது.

ஏற்கெனவே மிக மெலிந்து, பல நாள் சாப்பிடாமல் வந்து சேரும் பிள்ளையிடம் மட்டும் அவசரம் ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியச் சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனார்கள். காய்ந்த உடலுக்குள் திடீரென்று மாப்பொருள் வந்தால் இன்சுலின் ஏறும், இரத்தத்திலுள்ள பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கலங்களுக்குள் பாயும், இதயம் தடுமாறும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தயமின் கொடுத்து, இரத்த உப்புகளைப் பார்த்துப் பார்த்து, சில நாளில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். இந்த ஆபத்தைக் காட்டிப் பட்டினியை நீட்டுபவர்களிடம் ஒன்று கேட்கலாம்: அந்த ஆபத்தைப் பெரிதாக்குவதே ஒவ்வொரு நாள் பட்டினியும்தானே?

ஒரு முறை வந்த அழற்சி சில பிள்ளைகளுக்குத் திரும்பவும் வரும். திரும்பத் திரும்ப வந்தால் ‘பூச்சி’ என்று விட்டுவிடாமல் குழாய்களின் அமைப்பையும் மரபணுவையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் டொக்டர் பி. ஜே. கீவர்கீஸ் 1960களில் ஏழைப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் கண்டு எழுதிய நாட்பட்ட சதையி நோய் அப்படித்தான் தொடங்கியது: சிறுவயதில் வயிற்று வலி, சதையிக்குள் கற்கள், பிறகு நீரிழிவு. மரவள்ளிக்கிழங்கின் நஞ்சுதான் காரணம் என்று வெகுகாலம் சந்தேகித்தார்கள். அது நிரூபணமாகவில்லை, ஸ்பிங்க்-1 என்ற மரபணுவின் மாற்றம் பிற்பாடு பலரிடம் தெரிந்தது. நன்றாக அவித்த மரவள்ளியைத் தின்ற குற்றத்தை அம்மாக்கள் சுமக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பிள்ளையைப் பார்ப்போம். கொழுப்பில்லாச் சாப்பாடு என்று யாரோ சொல்லி அனுப்ப, மாதக்கணக்கில் முட்டையும் தேங்காயும் நிறுத்தப்படுவதுண்டு. நிறுத்தக் காரணமில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குப் பேர் (நாள் சம்பளம்) இல்லை. மலைக்குப் போனாலும் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வீட்டில் காசு குறைந்திருக்கும் வாரமும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டிய வாரமும் ஒரே வாரமாகிவிடுகிறது. திரிபோஷா (சத்துமா) கிடைக்கும் வயதென்றால் மருத்துவிச்சியிடம் சொல்லிக் கேட்க வேண்டும், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுப் போகும்போது நோய் வந்த விவரத்தைச் சொல்லி வைக்க வேண்டும், கிளினிக் கொப்பியில் நிறையைக் குறிக்க வேண்டும்.

அரைக் கிலோ நிறை இழந்த பிள்ளை அதை மீட்க, கிராமுக்கு 5 கிலோகலோரி வீதம் 2500 கூடுதலாக வேண்டும். இரண்டு வாரத்தில் மீட்பதென்றால் நாளொன்றுக்கு 180 அளவு. வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஒரு முட்டை, ஒரு கோப்பை பால். பதினான்கு முட்டையும் பதினான்கு கோப்பைப் பாலும் டிஸ்சார்ஜ் துண்டில், மாத்திரைகளின் பெயர்களோடு அதே பட்டியலில், வேளையும் அளவும் போட்டு எழுதப்பட வேண்டும். அவற்றை வாங்க முடியாத வீட்டுக்குத் தோட்ட நிர்வாகமோ சுகாதாரத் துறையோ அவற்றைக் கொடுக்க வேண்டும், பரசிற்றமோல் கொடுப்பதுபோல.